அப்பாவின் காதில் இன்னொரு கண்டக்டர்

அத்தியாயம் 14

மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு அடுத்தபடியாக மனிதகுலம் நன்றி சொல்லவேண்டிய ஆள், செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, செம்மேட்டில் ஒரு வாடகை வீட்டின் பின்பக்கம் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பெயர் குணசேகரன். வயது இருபத்தொன்று. மின்னணுப் பொறியியல், கடைசி வருடம். அரியர் இரண்டு.

"விசில்ங்கிற பிரச்சினை இன்னையோட முடிஞ்சுது," என்றான், வாயில் நுரையோடு. "நம்ம அப்பாவுக்கு மட்டும் இல்ல. காது மெஷின் போட்ட அத்தனை பேருக்கும். இன்னும் ஆறு மாசம். அப்புறம் எந்த நாட்டுலயும் ஒருத்தர் காதும் கத்தாது."

அவன் சிரிக்கவில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பதுபோல வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாயைக் கொப்பளிச்சிட்டு உலகத்தைக் காப்பாத்து," என்றாள் அவனுடைய அக்கா அனுராதா. "சட்டையில ஒழுகுது."

தொடர்ந்து வருகிறவர்களுக்குக் கதை தெரியும். இந்த நிறுத்தத்தில் ஏறியவர்களுக்காகச் சுருக்கம்.

இவர்களுடைய அப்பா வெங்கிடுசாமி, செம்மேட்டிலிருந்து அரியூர் நாடு என்கிற மலைக் கிராமங்களுக்குப் போகிற மினி பஸ்ஸின் டிரைவர். அந்த பஸ்ஸின் கண்டக்டர் அனுராதா. அப்பாவின் இடது காது முப்பது வருடம் எஞ்சின் பக்கமாகவே இருந்ததில், அதை எஞ்சினே எடுத்துக்கொண்டது. வலது காதுக்கு இரண்டு மாதம் முன்பு கருவி வந்தது. அதை மாட்டிக்கொண்டு ஓட்டலாம் என்று டாக்டரும் எழுதிக் கொடுத்தார். சர்க்கரைக்குப் பயந்து அப்பா சோற்றைக் குறைத்து, ஆள் இளைக்கிற வரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

ஆள் இளைத்தால் காதும் இளைக்கும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. காதை அடைத்துக்கொண்டிருக்கும் அச்சு, அதாவது கருவியோடு சேர்ந்த அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டு, லொடலொடக்க ஆரம்பித்தது. உள்ளே போகவேண்டிய சத்தம் இடுக்கு வழியாகக் கசிந்து, கருவியின் மைக்குக்கே திரும்பிப் போனது. கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் கொண்டுபோனால் என்ன ஆகுமோ, அது அப்பாவின் காதுக்குள் ஆனது. கீ என்று ஒரு விசில்.

மற்றவர்களுக்கு இது எரிச்சல். பஸ் டிரைவருக்கு இது உத்தரவு. ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு விசில் என்றால் போ.

வளைவு வந்தால் வெங்கிடுசாமி வலது பக்கம் சாய்ந்து பார்ப்பார். ஜன்னல் கண்ணாடி காதுக்குப் பக்கத்தில் வரும். கருவி கத்தும். அவர் பிரேக்கை மிதிப்பார். போன வியாழக்கிழமை ஆளே இல்லாத மூன்று வளைவுகளில் பஸ் நின்றது. மூன்றாவதில், நின்றுவிட்டதே என்று மரியாதைக்கு இரண்டு பேர் இறங்கினார்கள். பின்னால் வந்த மிளகு லாரி ஒரு சாண் தள்ளி நின்றது.

அந்த ஒரு சாண் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேந்தமங்கலத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பஸ் முதலாளி ஜாபர் உசேன் காதில் போய் விழுந்தது. இன்று அவரே பஸ்ஸில் உட்கார்ந்து பார்க்க வருகிறார். சரிப்படவில்லை என்றால் சாவி வேறு ஆளுக்கு. வெங்கிடுசாமிக்குக் கடை குடோனில் ஒரு நாற்காலி.

நாற்காலி ஒன்றும் மோசமான பொருள் இல்லை. ஆனால் முப்பது வருடமாக அவர் வேலை நேரத்தில் உட்கார்ந்த எந்த இடமும் நகராமல் இருந்ததில்லை.

இனி செவ்வாய்க்கிழமை.

*

அம்மா குழந்தையம்மாள் இட்டிலித் தட்டோடு வந்தபோது, வெங்கிடுசாமி கருவியை மாட்டிக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருந்தார். போட்டோவுக்கு உட்கார்ந்தவர் மாதிரி.

குணசேகரன் தன் உள்ளங்கையைக் குவித்து அவர் காதருகே கொண்டுபோனான். நேற்றுவரை இப்படிச் செய்தால் அடுத்த வீட்டு நாய் எழுந்திருக்கும். இன்று ஒன்றுமில்லை.

"கத்துதுங்களா அப்பா?"

"இல்ல சாமி. நீ பேசுறது மட்டும் கேக்குது."

"மூணு வாரமா ஊட்டுக்குள்ள ரெண்டு குக்கர் இருந்த மாதிரி இருந்துச்சு," என்றாள் அம்மா. "உங்கப்பன் விசிலுக்கு நான் அடுப்பை அணைச்சு, எத்தனை நாளு வேகாத அரிசி தின்னோம்."

"இனி தின்ன வேண்டாம்," என்றான் குணசேகரன். உலக அரிசிக்கே உத்தரவாதம் தருகிற தொனியில்.

நடந்தது இதுதான். நேற்று அப்பாவும் மகனும் சேந்தமங்கலத்துக்கு இறங்கி, காது கருவி மையம் வைத்திருக்கும் நாசியாவைப் பார்த்தார்கள். நாசியா, ஜாபர் உசேனின் மகள், இதற்கென்றே படித்தவள். வெங்கிடுசாமியின் காதில் ரோஸ் நிற மாவை அடைத்து, அது இறுகியதும் எடுத்து, புது அச்சுக்கு அளவு அனுப்பினாள். வந்துசேர பத்து நாள்.

அந்தப் பத்து நாள் வரை மனிதகுலம் காத்திருக்க வேண்டாம் என்று குணசேகரன் நினைத்தான். கல்லூரியில் அவனுடைய ப்ராஜக்டே இதுதான். கசிந்து திரும்புகிற சத்தம் எது என்று கருவியே கணித்து, அதே அளவுக்குக் கழித்துவிடுவது.

"அந்தக் கழிக்கிற வேலையை உச்சத்துல வையுங்க," என்றான்.

"உச்சத்துல வச்சா, வெளியில நீளமா ஒரே சுருதியில வர்ற சத்தத்தையும் தன்னோட விசில்னு நெனச்சு அழிச்சிரும்," என்றாள் நாசியா. "லாரி ஹாரன் மாதிரி கனமான சத்தம் தப்பிச்சுக்கும். மெலிசா, கீச்சுன்னு இருக்கிறது தப்பாது."

"எங்கப்பா காதுகிட்ட வந்து யாருங்க நாதஸ்வரம் வாசிக்கப் போறாங்க? வையுங்க."

வைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று பழைய அமைப்பையும் இரண்டாவதாக வைத்து, கருவியின் பட்டனை அமுக்கினால் அது வரும் என்று சொல்லி அனுப்பினாள்.

"குணா," என்றாள் அனுராதா இப்போது, கைப்பையை மாட்டிக்கொண்டே. "எதுக்கும் இன்னைக்கு நான் தகரத்துல தட்டிக்கிறேன். பாய் வேற வர்றாரு."

"எதுல தட்டுற?"

"பஸ்ஸு மேலதான். ஒரு தட்டு நில்லு, ரெண்டு தட்டு போ. வண்டி ரிவர்ஸ் எடுக்கையில தட்டுறோமில்ல."

குணசேகரன் இட்டிலியைக் கீழே வைத்தான். அவன் இட்டிலியை வைத்தால் விஷயம் பெரிது.

"அக்கா, நான் சத்தத்தைச் சத்தத்தால கழிச்சு வச்சிருக்கேன். நீ புளி மூட்டை லாரிக் கிளீனர் மாதிரி தட்டுறேங்கிற. மாட்டு வண்டி ஓட்டுறவங்க தேவலாம். வாலை எவ்வளவு முறுக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு அதுல. தகரத்துல தட்டுறதுல என்ன இருக்கு? கை இருந்தா போதும். நாளைக்கு எங்க சார் கேட்டா, எங்க ஊட்டுல தட்டித்தான் ஓட்டுறோம்னு சொல்லவா?"

"சாருக்கு பஸ் ஓட்டத் தெரியுமாடா?"

"அது கேள்வியே இல்ல."

வெங்கிடுசாமி இரண்டு பேரையும் பார்த்தார். மகன் பேசுவது அவருக்குப் பாதி புரியவில்லை. ஆனால் மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக முழுசாகக் கேட்டது.

"தம்பி படிச்சிருக்கான் கண்ணு," என்றார் மகளிடம். "அவன் சொல்றபடியே போவோம்."

*

ஜாபர் உசேன் முதல் பஸ்ஸில் செம்மேடு வந்து இறங்கியபோது, எழுபது வளைவுகளும் அவர் முகத்தில் இருந்தன. கையில் எலுமிச்சம்பழம். அதை முகர்ந்துகொண்டே மினி பஸ்ஸின் முன் சீட்டில், டிரைவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தார்.

"நல்லாயிருக்கீங்களா வெங்கிடு?"

"இருக்கேனுங்க பாய்."

"காது?"

"அதுவும் இருக்குதுங்க."

பஸ் நிறைந்திருந்தது. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி எடுக்கிற சமயம். உள்ளே பாதி இடம் மூட்டைகளுக்கு, மீதிப் பாதி அந்த மூட்டைகளின் சொந்தக்காரர்களுக்கு. குணசேகரன் முதலாளிக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றான். கல்லூரிக்கு இன்று விடுப்பு எழுதியிருந்தான். காரணம் என்ற இடத்தில் 'களச் சோதனை' என்று போட்டிருந்தான்.

முதல் வளைவு. வெங்கிடுசாமி சாய்ந்தார். கண்ணாடி காதுக்குப் பக்கத்தில் வந்தது. விசில் இல்லை.

இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. எங்கும் பஸ் சும்மா நிற்கவில்லை. வெங்கிடுசாமியின் தோள் மெல்ல இறங்கியது. மூன்று வாரமாக அது காதுப்பக்கமே ஏறிக் கிடந்தது.

"பரவாயில்லையே," என்றார் ஜாபர் உசேன். "என் மக பண்ணினதா?"

"பட்டனை அவங்க அமுக்கினாங்க," என்றான் குணசேகரன். "யோசனை நம்முது."

ஐந்தாவது வளைவு தாண்டி ஒரு நிறுத்தம். அனுராதா ஒரு நீள விசில் ஊதினாள்.

பஸ் போய்க்கொண்டிருந்தது.

இன்னும் நீளமாக ஊதினாள். அவள் நீளமாக ஊத ஊத, இது தன்னுடைய விசில்தான் என்று கருவிக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. அப்பாவின் காதில் எஞ்சின் ஓடியது, காற்று வந்தது, ஜாபர் உசேன் இருமியதுகூடக் கேட்டது. மகள் மட்டும் இல்லை.

நல்லவேளையாக ரோட்டோரம் இரண்டு பேர் கை காட்டினார்கள். அவர்களைப் பார்த்துத்தான் வெங்கிடுசாமி நிறுத்தினார். அவர்கள் முன்கதவில் ஏறினார்கள். "போலாம்ணே," என்றான் ஏறியவன், பழக்கத்தில். அது நன்றாகக் கேட்டது. வெங்கிடுசாமி கியரைப் போட்டார்.

பின்கதவில் கலைச்செல்வி என்கிற பெண் இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கால் படியில். ஒரு கால் ரோட்டில். இரண்டு கையும் கிழங்கு மூட்டையில்.

அனுராதா விசிலை வாயில் வைத்து, இருந்த மூச்சையெல்லாம் அதில் விட்டாள்.

பஸ் நகர்ந்தது.

உள்ளே இருந்தவர்கள் கத்தினார்கள். ஜாபர் உசேன் எலுமிச்சம்பழத்தை விட்டுவிட்டு டிரைவரின் தோளைப் பிடித்து உலுக்கினார். பஸ் நின்றது. கலைச்செல்வி ஐந்தாறு எட்டு ஓடி, கம்பியை விட்டு, ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். மூட்டை கிழிந்து, கிழங்குகள் சரிவில் வரிசையாக உருண்டுகொண்டிருந்தன.

அவள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். பிறகு அவள் பேசினாள்.

"ஏனுங்க டிரைவரண்ணா, காது கேக்காதுன்னா கண்ணாடியிலாவது பாக்கறதில்லீங்களா? நானு உசுரோட ஊடு போவேண்டாமா?"

வெங்கிடுசாமி அதற்குள் இறங்கி அவளிடம் வந்திருந்தார். "அடி பட்டுச்சா சாமி?"

"அடியில்லீங்க. கிழங்குதான் போச்சு."

அவர் திரும்பி மகளைப் பார்த்தார். "நீ ஊதினியா கண்ணு?"

அனுராதா கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்திருக்கலாம்.

"மூணு தடவை ஊதினேனுங்கப்பா."

*

பஸ்ஸிலிருந்தவர்கள் இறங்கிக் கிழங்கு பொறுக்கினார்கள். வெங்கிடுசாமி வண்டியில் ஏறிச் சாவியை உருவினார். ஜன்னலோரம் நின்ற ஜாபர் உசேனிடம் நீட்டினார்.

"இந்தாங்க பாய். கத்தினாலும் ஆகல, கத்தாட்டியும் ஆகல. குடோனுக்கே வாரேன்."

குரலில் கோபம் இல்லை. மகனைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால் குணசேகரனுக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

ஜாபர் உசேன் சாவியைத் தொடவில்லை. "வண்டியிலயே போடுங்க. நான் இங்கேயிருந்து நடந்தா போவேன்? கொஞ்சம் இருங்க." செல்போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டுக் குணசேகரனிடம் நீட்டினார். "நாசியா. யோசனை உங்களுதுன்னீங்களே. நீங்களே பேசுங்க."

குணசேகரன் நடந்ததைச் சொன்னான். முதல் வாக்கியத்தில் மூன்று தொழில்நுட்பச் சொற்கள் இருந்தன. இரண்டாவதில் ஒன்று. மூன்றாவதில், "அக்கா ஊதினது அப்பாவுக்குக் கேக்கலைங்க," என்று மட்டும் இருந்தது.

"உங்க அக்காதான் கண்டக்டர்னு நேத்து நீங்க சொல்லலையே," என்றாள் நாசியா.

"இல்லைங்க."

"ஒரே சுருதியில வர்ற சத்தம்னு நான் சொன்னேன்."

"சொன்னீங்க."

சுற்றி நின்றவர்கள் கையில் கிழங்கோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அரியூர் நாட்டில் அவனுடைய ப்ராஜக்டுக்கு இவ்வளவு கூட்டம் வரும் என்று அவன் எதிர்பார்த்ததில்லை.

"நானும் கேட்டிருக்கணும்," என்றாள் அவள். "எங்கப்பா பஸ்ஸுதானே. பட்டனை அமுக்கினா பழைய அமைப்பு வரும். விசில் கேக்கும். ஆனா வளைவுல காதும் கத்தும்."

"ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு கெடையாதுங்களா?"

"நடுவுலதான் புது அச்சு இருக்கு. இடுக்கை அடைச்சுட்டா, இவ்வளவு கழிக்கிற வேலையே வராது. இன்னும் ஒம்பது நாளு."

"அதுவரைக்கும்?"

"சுருதி இல்லாத சத்தம் எதையும் அது தின்னாது. டப்புன்னு வந்து டப்புன்னு நிக்கிற சத்தம். அந்த மாதிரி பஸ்ஸுல ஏதாவது இருக்குமே, யோசிச்சுப் பாருங்க."

குணசேகரன் யோசிக்கவேண்டியிருக்கவில்லை. எங்கேயும் பார்க்காமல் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"செம்மேடு திரும்புற வரைக்கும் பாக்குறேன் வெங்கிடு," என்றார் ஜாபர் உசேன். "ஒரு நிறுத்தம் தப்பினாலும், ஒரு ஆளு இறங்கறதுக்குள்ள வண்டி நகர்ந்தாலும், அப்புறம் நீங்க நீட்ட வேண்டாம். நானே வாங்கிக்குவேன்."

வெங்கிடுசாமி சாவியைத் திரும்பப் போட்டார். அரியூர் நாடு சேரும்வரை அனுராதா பின்கதவிலேயே நின்று தகரத்தில் தட்டினாள்.

*

திரும்புகிற நடையில் கூட்டம் இன்னும் கூடுதல். அனுராதா முன்பக்கம் சீட்டுக் கிழித்துக்கொண்டு, மூட்டைகளுக்கு நடுவே இடுப்புவரை சிக்கிக்கொண்டாள். பின்கதவு அவளுக்கு ஐந்து மூட்டைக்கும் பதினாலு பேருக்கும் அந்தப்பக்கம் இருந்தது. எட்டிப் பார்த்தாள். போக வழியில்லை.

பின்படியில் ஏற்கெனவே ஒருவன் நின்றுகொண்டிருந்தான். அவன் அங்கே எப்போது போனான் என்று யாரும் பார்க்கவில்லை.

முதல் நிறுத்தம் வந்தது. குணசேகரன் கையை வெளியே விட்டு, பஸ்ஸின் பக்கவாட்டில் ஒருமுறை தட்டினான். மெதுவாகத் தட்டினான், ஏதோ கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்கிறவன் மாதிரி. பஸ் நிற்கவில்லை.

ஜாபர் உசேன் திரும்பிப் பார்த்தார்.

குணசேகரன் கையை நன்றாக ஓங்கி, விரல்களை விரித்து, முழு உள்ளங்கையாலும் அறைந்தான். தகரம் அதிர்ந்தது. பஸ் அப்படியே நின்றது.

ஒரு பெரியவர் இறங்கினார். கைத்தடி இறங்கியது. ஒரு பை இறங்கியது. அவருடைய இரண்டு காலும் ரோட்டில் இருக்கின்றனவா என்று குணசேகரன் குனிந்து பார்த்தான். இருந்தன. பிறகும் ஒருமுறை பார்த்தான்.

டப், டப்.

பஸ் கிளம்பியது. முன்னால் கண்ணாடியில் வெங்கிடுசாமியின் கண் பின்கதவுக்கு வந்து, ரோட்டுக்குத் திரும்பிப் போனது.

செம்மேடு சேரும்வரை பதினொரு நிறுத்தம். ஒன்றும் தப்பவில்லை. வளைவுகளில் காதும் கத்தவில்லை. ஏழாவது நிறுத்தத்துக்குப் பிறகு குணசேகரனின் உள்ளங்கை சிவந்துவிட்டது. இடது கைக்கு மாறினான்.

ஜாபர் உசேன் இறங்கி, விழுந்த எலுமிச்சம்பழத்தைச் சீட்டுக்கு அடியிலிருந்து தேடி எடுத்துக்கொண்டார். வெங்கிடுசாமி ஸ்டியரிங்கிலேயே உட்கார்ந்திருந்தார். இறங்கச் சொல்லிவிடுவாரோ என்று இறங்காமல் இருப்பதுபோல இருந்தது.

"அச்சு வர்ற வரைக்கும் பின்கதவுல ஒரு ஆளு நிக்கணும்," என்றார் முதலாளி. "தினமும். ஒரு நடை விடாம. அப்படின்னா வண்டி உங்ககிட்ட இருக்கட்டும். ஆளு இல்லாத அன்னைக்கு வண்டி எடுக்கக் கூடாது."

"சரிங்க பாய்," என்றார் வெங்கிடுசாமி.

"வெள்ளிக்கிழமை அவனுக்குக் காலேஜுல ப்ராஜக்ட் பாக்க வர்றாங்க பாய்," என்றாள் அனுராதா. "போகாட்டி அதுவும் அரியர்."

"அது உங்க ஊட்டு விஷயம் கண்ணு," என்றார் ஜாபர் உசேன். சேந்தமங்கலம் பஸ் நிற்கிற பக்கம் நடந்தார். பின்னால் திரும்பாமலே, "வெள்ளிக்கிழமையும் நான் வருவேன்," என்றார்.

வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அனுராதா தம்பியைப் பார்த்தாள். காலையில் அவன் பேசியதையெல்லாம் வரிசையாக எடுத்து வைக்க அவளுக்கு ஆசைதான். வாயைத் திறந்தாள். அவன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டினாள்.

அதற்குள் அடுத்த நடைக்கு ஆள் ஏற ஆரம்பித்துவிட்டது. மூட்டைகள், குடைகள், ஒரு பலாப்பழம், பலாப்பழத்துக்குப் பின்னால் ஒரு பெண். குணசேகரன் பழத்தை ஒரு கையால் வாங்கி உள்ளே வைத்தான். அவளுடைய இரண்டு காலும் படிக்குள் வந்துவிட்டதைப் பார்த்துக்கொண்டான்.

பிறகு தகரத்தில் இரண்டு தட்டு தட்டினான்.